அரை மரை வித்தியாசம்

ஒன்றரை அங்குலக் குழாய் என்று கடையில் கேட்டு வாங்குகிறோம். அந்தக் குழாயில் எந்த இடத்தை அளந்தாலும் ஒன்றரை அங்குலம் வராது. உட்புறம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், வெளிப்புறம் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றரை என்பது எப்போதோ யாரோ அதற்கு வைத்த பெயர். நேற்று விசாரணையில் நீங்கள்கூட 'ரெண்டு இஞ்ச் வால்வு' என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள் ஐயா. நான் திருத்தவில்லை. ஓர் அதிகாரியை நாலு பேர் முன்னால் திருத்துவது மரியாதையில்லை. அந்த மரியாதை எல்லோருக்கும் தெரிந்திருந்தால் நான் இன்று இங்கே வர வேண்டிய தேவையே இருந்திருக்காது.

உங்கள் ஆள் கொண்டுவந்த காப்பி நன்றாக இருக்கிறது. மெதுவாகவே சொல்கிறேன்.

நேற்று நீங்கள் சொன்ன முடிவு இரண்டே வாக்கியம். மருந்துக்கடை ஷெத்லியின் பாய்மரப் படகு 'நவ்ரஸ்' செராத் முனைக்கு அப்பால் மூழ்கியதற்கும், அவன் மனைவி துர்ரா அதிலேயே இறந்ததற்கும் காரணம், ஷெத்லி தானே அளந்து வாங்கிய பொருந்தாத வால்வு. அது முதல் வாக்கியம். அதை மாட்டிய மேஸ்திரி திஜானி வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. அது இரண்டாவது. முதல் வாக்கியத்தைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. இரண்டாவதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

இந்த பிஸெர்த் கால்வாய்க் கரையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். என் வேலை எல்லாம் படகின் அடிவயிற்றில்தான். நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு படகிலும் சில ஓட்டைகள் இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் உள்ளே வர ஒன்று, கழிப்பறைத் தண்ணீர் வெளியே போக ஒன்று, இப்படி. ஒவ்வொரு ஓட்டையிலும் திருகுவதற்கு மரை வெட்டிய ஒரு வெண்கலக் குழல் இருக்கும், அதன்மேல் திருகிய ஒரு வால்வு இருக்கும். மற்ற வேலைக்காரர்கள் செய்யும் தவறு படகை அசிங்கமாக்கும். என் தவறு படகை அடியில் கொண்டுபோய்விடும். அதனால் நான் தவறு செய்வதில்லை.

ஒரே ஒரு முறை செய்தேன். அதுவும் என் தவறு என்று சொல்ல முடியாது. ஒரு பிரெஞ்சுக்காரரின் படகில் நான் போட்ட வால்வு அது. கடைக்காரன் வெண்கலம் என்று விற்றான், மேலே முத்திரையும் இருந்தது. சில வருடங்கள் கழித்து அவர் படகைக் கரையேற்றியபோது, பக்கத்தில் சும்மா நின்றிருந்த ஷெத்லியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அப்போது அவனுக்குச் சொந்தப் படகுகூடக் கிடையாது. மருந்துக்கடைக்காரன், படகுப் பைத்தியம், எல்லா இடத்திலும் மூக்கை நுழைப்பான். உள்ளே இறங்கியவன் அங்கிருந்தே பணிமனை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"மேஸ்திரி, கொஞ்சம் வாங்க இங்க. இத வெண்கலம்னா சொல்லிப் போட்டீங்க?"

"வெண்கலம்தான். முத்திரை இருக்கு பாருங்க" என்றேன்.

"முத்திரை இருக்கு மேஸ்திரி. வெண்கலத்தத்தான் காணோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் பேனாக்கத்தியை எடுத்து வால்வைச் சுரண்டினான். உள்ளே ரோஜா நிறமாக இருந்தது. "பித்தளைல இருக்கற துத்தநாகத்த உப்புத்தண்ணி தின்னுட்டுப் போயிடும். மிச்சம் இருக்கறது வெறும் சக்கை" என்று ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னான். கத்தியின் பிடியால் ஒரு தட்டு தட்டினான். வால்வின் கைப்பிடி உடைந்து அவன் கையோடு வந்தது.

கிரேன் ஓட்டும் மப்ரூக் மேலே இருந்தபடியே, "ரோஸ் கலரு நம்ம மேஸ்திரிக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்றான்.

அன்றிலிருந்து நான் ரோஸ் மேஸ்திரி. மீன் சந்தையில், "ரோஸ் மேஸ்திரிக்கு ரெண்டு மத்தி கூடப் போடுப்பா" என்பார்கள். என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "ஓ, நீங்கதானா அது" என்று சிரித்தார். என்னை ஏமாற்றிய கடைக்காரன் இன்றும் நல்ல பெயரோடு இருக்கிறான். ஷெத்லி சொன்னது சரிதான், நான் மறுக்கவில்லை. அவன் தப்பாகச் சொல்லியிருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன். சரியாகச் சொன்னான், சிரித்துக்கொண்டு சொன்னான், அதனால் அவனை வெறுத்தேன். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. யாரும் கேட்கவில்லை.

பிறகு அவன் சொந்தமாகப் படகு வாங்கினான். அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த அமெரிக்கக் கிழவர் ஒருவர் இங்கேயே விட்டுவிட்டுப் போனது. வாங்கிய கையோடு என்னைத் தேடி வந்தான்.

"வால்வெல்லாம் துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு, சி திஜானி. நாலையும் மாத்தணும். உங்கள விட்டா இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

'சி' என்று மரியாதை அடைமொழி போட்டுக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவன் அந்தப் பித்தளை விஷயத்தையே மறந்துபோயிருந்தான். எனக்கு ஒரு பெயரைச் சூட்டிவிட்டு, அந்தப் பெயரையே மறந்துவிட்டு, என் தோளில் கைபோட்டு நிற்கிறான். சரி என்றேன். மறுத்திருந்தால், பழைய அவமானத்தில் ஒதுங்கிவிட்டான் என்று பேசியிருப்பார்கள்.

குழல்கள் நல்ல வெண்கலம், அவற்றை மாற்றத் தேவையில்லை. வால்வு மட்டும்தான் வேண்டும். "நானே அளந்து வாங்கிட்டு வரேன், நீங்க மாட்டிக் குடுத்தாப் போதும்" என்றான். மின்னணு அளவுகோல் ஒன்றை வைத்துக்கொண்டு படகுக்குள் குப்புறப் படுத்து அளந்தான். முன்னறைப் படுக்கைக்குக் கீழே இருந்த கழிப்பறைக் குழல்தான் நான்கிலும் பெரியது. "நாப்பத்தெட்டு மில்லிமீட்டர், மேஸ்திரி. ரெண்டு இஞ்ச்சு தேஞ்சு போயிருக்கு" என்றான். நான் திருத்தவில்லை. கடையில் அவனைத் திருத்தியிருக்கிறார்கள், சரியாக ஒன்றரை என்ற பெயருள்ள வால்வையே வாங்கி வந்தான். நல்ல வால்வு, உண்மையான வெண்கலம். என் பெஞ்சில் வைத்து ஒவ்வொன்றாகச் சுரண்டிக் காட்டினான்.

"பாத்தீங்களா, ரோஸ் இல்ல" என்றான். அப்போது ஞாபகம் வந்துவிட்டது போல, கண்ணைச் சிமிட்டினான்.

இப்போது அந்த அரை மரைக்கு வருகிறேன். நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் கிடைக்கும் ஒன்றரைக் குழாயில் ஓர் அங்குல நீளத்துக்குப் பதினோரு மரை. அமெரிக்கக் குழாயில் பதினொன்றரை. பெயர் ஒன்று, பருமன் ஏறக்குறைய ஒன்று. கண்ணுக்குத் தெரியாது. திருகினால் நம் வால்வு அமெரிக்கக் குழலில் ஏறும், முதல் சுற்று சுகமாகப் போகும், இரண்டாவதும் போகும், மூன்றாவதில் மரையோடு மரை மோதி இறுகிக்கொள்ளும். ஆறேழு சுற்றுப் பிடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுற்று. ஆனால் கையால் ஆட்டினால் அசையாது. தளர்ந்து ஆடும் வால்வை எவனும் கண்டுபிடித்துவிடுவான். இது இறுகி நின்று ஏமாற்றும்.

என்னிடம் மரைச்சீப்பு இருக்கிறது, மரையின் நெருக்கத்தை அளக்கும் பல்வெட்டிய தகடு. வால்வில் ஒரு முறை, குழலில் ஒரு முறை வைத்துப் பார்த்தேன். முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. சீப்பைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

அந்த நேரத்தில் நான் நினைத்தது மிகச் சின்ன விஷயம். படகைத் தண்ணீரில் இறக்குவார்கள், ஒழுகும், கிரேனில் மறுபடி தூக்குவார்கள். மப்ரூக் மேலே இருந்து சிரிப்பான். ஷெத்லி அளந்து வாங்கியது ஒழுகுது என்று ஊரே பேசும். அவனுக்கும் ஒரு பெயர் கிடைக்கும். நியாயமான எதிர்பார்ப்புதானே.

நான்கையும் மாட்டினேன். மாட்டிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. ஒழுகினால் ஷெத்லி அளந்தது ஒழுகுகிறது என்று பேச மாட்டார்கள். ரோஸ் மேஸ்திரி மாட்டியது மறுபடி ஒழுகுகிறது என்றுதான் பேசுவார்கள். அதற்கு நான் இடம் கொடுக்க முடியாது. ஆகவே எல்லாவற்றையும் கழற்றி, மரை முழுக்கப் பசையை அப்பி, மறுபடி இறுக்கி, வெளியே பிதுங்கியதை விரலால் வழித்துச் சுத்தமாக்கினேன். காய்ந்த பிறகு பார்த்தால் அவ்வளவு அழகாக இருந்தது. ஷெத்லி வந்து பெரிய வால்வைப் பிடித்துத் தொங்காத குறையாக ஆட்டிப் பார்த்தான்.

"கல்லு மாதிரி நிக்குது. கை ராசி மேஸ்திரி உங்களுக்கு."

துறைமுகத்தில் அது ஒழுகவே ஒழுகாது. வெளியே அலையில் படகு எழும்பி விழும்போதுதான் அந்த இரண்டு சுற்றுக்கும் வேலை வரும்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள் ஐயா, இதுவரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எனக்குத் தெரியாது.

படகு இறக்குவதற்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகைக்கு எல்லோரும் போயிருந்த நேரத்தில், துர்ரா பணிமனைக்கு வந்தார். எனக்கு அந்த அம்மாவோடு எந்தப் பகையும் கிடையாது. என்னை ரோஸ் மேஸ்திரி என்று கூப்பிடாத சிலரில் அவரும் ஒருவர். கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பெஞ்சில் வைத்துப் பிரித்தார். உள்ளே நான்கு வால்வு, புதிதாக, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி.

"சி திஜானி, கோவிச்சுக்காதீங்க. இந்தப் படகு அமெரிக்காவுல செஞ்சது. அங்க மரை வேற மாதிரியாம். நீங்க கழட்டிப் போட்ட பழைய வால்வையும், கடையில வாங்கின புதுசுல ஒண்ணையும் சமையலறை மேசைல வெச்சு, ரெண்டு வாய்க்குள்ளயும் காகிதத்த அமுக்கி மரைத் தடம் எடுத்துப் பாத்தேன். மரை ஒண்ணுக்கொண்ணு ஒக்காரல. மாண்ட்ரியால்ல எங்க அக்கா இருக்கா, அவ வீட்டுக்காரருகிட்ட கேட்டு வரவழைச்சேன்."

எடுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சீப்பு வைக்காமலே தெரிந்தது.

"அவருகிட்ட சொன்னீங்களா லல்லா?" என்று மரியாதையாகவே கேட்டேன்.

"ஐயோ, அவருகிட்டயா? நானே அளந்தேன், நானே வாங்கினேன்னு பாக்கற ஆளுகிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. கொழந்த மாதிரி. இது தெரிஞ்சா முகம் தொங்கிப்போயிடும். நீங்களே சத்தமில்லாம மாத்திப் போட்டுடுங்க. அவருக்குத் தெரியவே வேணாம். எனக்கு வாக்குக் குடுங்க."

வாக்குக் கொடுத்தேன்.

மனைவி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவன் நாலு பேர் முன்னால் என் முகத்தில் கரி பூசினான். அவன் முகத்தில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல் இருக்க இந்த அம்மா கடல் தாண்டி வால்வு வரவழைக்கிறார். எனக்காக யாரும் எதையும் எங்கிருந்தும் வரவழைக்கவில்லை. அந்தப் பொட்டலத்தைப் பார்க்கப் பார்க்க அவன்மேல் இருந்த வெறுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

மாற்றியிருக்கலாம். ஒரு காலை வேலை. ஆனால் பசை இறுகிவிட்டிருந்தது, கழற்றினால் குழலும் சேர்ந்து அசையும், அடியில் மறுபடி பூச வேண்டியிருக்கும். இறக்கும் நாள் குறித்தாகிவிட்டது, கிரேனுக்கும் சொல்லியாகிவிட்டது. ஒரு வேலையை முடித்துவிட்டு மறுபடி கலைப்பது எனக்குப் பிடிக்காது. பொட்டலத்தைப் பெஞ்சுக்குக் கீழே வைத்தேன்.

அதே வாரத்தில் தக்கைகளையும் எடுத்தேன். ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் ஒரு மரத்தக்கை கயிற்றில் கட்டித் தொங்கும், வால்வு போனால் அடித்து இறுக்குவதற்கு. கயிறுகள் மக்கியிருந்தன. புதுக் கயிறு கட்டித் தொங்கவிடலாம் என்று கழற்றினேன். கயிறு வாங்க மறந்துவிட்டது.

படகை இறக்கும் நாளில் எங்கள் பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. கிரேன் பட்டையில் தொங்கியபடியே படகு தண்ணீரில் பாதி இறங்கி நிற்கும், அடியில் வேலை செய்தவன் தனியாக உள்ளே போவான். சிகரெட் சுற்றும் காகிதத்தை ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் சுற்றி வைப்பான். காகிதம் ஒட்டினால் ஈரம். ஒட்டாவிட்டால் அவன் மேலே வந்து முதல் தேநீரைக் குடிப்பான், அதன் பிறகுதான் பட்டையை அவிழ்ப்பார்கள்.

"என்ன மேஸ்திரி, நனையுதா? தூக்கட்டுமா?" என்று மப்ரூக் கத்தினான்.

நான்கு காகிதத்தையும் உலர்ந்தபடியே மேலே கொண்டுவந்து அவனுக்குக் காட்டினேன். ஷெத்லி கை தட்டினான். பைன் கொட்டை மிதக்க துர்ரா தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். கோப்பையை நீட்டும்போது குரலைத் தாழ்த்தி, "போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சு லல்லா" என்றேன். போட்டாகிவிட்டதுதான். எதை என்று அவர் கேட்கவில்லை.

கரையோரமாக மேற்கே தபர்கா துறைமுகத்துக்கு ஷெத்லி புறப்பட்ட அன்று காலை நானும் கரையில் இருந்தேன். அவன் தனியாகத்தான் போவான் என்று எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். துர்ராவுக்குக் கடல் பயம், எந்தப் படகிலும் அவர் ஏறி யாரும் பார்த்ததில்லை. அன்று தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கூடையில் ரொட்டியும் ஹரிசா மிளகாய்த் துவையலும் மீனுமாக வந்து இறங்கினார்.

"என்ன லல்லா, நீங்களுமா?" என்றேன்.

"இந்தத் தடவ பயம் இல்ல, சி திஜானி. அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்துப் பார்த்தேன். சொன்னால் ஷெத்லிக்குத் தெரிந்துவிடும், அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். கரையில் மப்ரூக்கும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். வடமேற்குக் காற்று எழும்பும் என்று காலை வானொலியில் சொல்லியிருந்தார்கள், அவனும் கேட்டிருப்பான். அவன் படகு, அவன் முடிவு. கயிற்றை அவிழ்த்து அவன் கையில் போட்டேன். "கை ராசி மேஸ்திரி" என்று கையாட்டினான்.

மீதியை அவனே நேற்று உங்கள் முன்னால் சொன்னான். அவன் சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"முன்னறையில தண்ணி பொங்கற சத்தம் கேட்டுத்தான் போனோம். வால்வு கழண்டு ஹோசோட கெடந்துச்சு, ஓட்டையில தண்ணி பீச்சுது. தக்கையத் தேடினோம், காணோம். அவ துண்டச் சுருட்டி ஓட்டைல வெச்சு ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டா. நீங்க மேல போயி ரேடியோல கூப்பிடுங்க, நான் பிடிச்சுக்கறேன்னா. நான் மேல இருக்கறப்பவே படகு மூக்கு இறங்கிடுச்சு. கதவத் தண்ணி அமுக்கிடுச்சு. என்னால தெறக்க முடியல. கடைசி வரைக்கும் அவ கைய எடுத்திருக்க மாட்டா, எனக்குத் தெரியும்."

முக்குளிப்பவர்கள் கொண்டுவந்த குழலும் வால்வும் உங்கள் மேசையில் இருந்தன. உங்கள் நிபுணர் அரை மரை வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சொன்னபோது ஷெத்லி தலையில் அடித்துக்கொண்டான். "நான்தான் அளந்தேன். நான்தான் அவளக் கொன்னேன்" என்றான். அவனை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். நெடுநாள் கழித்து அன்று மதியம் நன்றாகச் சாப்பிட வேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் என்னை இங்கே கொண்டுவந்தது. நீங்கள் என் பக்கம் திரும்பியதும் அவன் எழுந்து குறுக்கே வந்தான்.

"சி திஜானிய ஒண்ணும் கேக்காதீங்க. அவரு பாவம், அவருக்குத் தெரியாது. அது அமெரிக்க மரைன்னு தெரிஞ்சிருந்தா அவரு ஒரு நாளும் மாட்டிருக்க மாட்டாரு. நான் குடுத்தத மாட்டினாரு, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நீங்கள் தலையாட்டிவிட்டு, மேஸ்திரி கவனிக்கவில்லை என்று முடித்தீர்கள். மாலை தேநீர்க்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மப்ரூக் எழுந்து எனக்கு நாற்காலி போட்டான். "வயசாச்சுல்ல, கண்ணு முன்ன மாதிரி இருக்காது, விடுங்க" என்று ஆறுதல் வேறு சொன்னான். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று சிரித்தபோதுகூட நான் தாங்கிக்கொண்டேன். பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் வித்தியாசம் தெரியாத குருடன் என்று பரிதாபப்படுகிறார்கள். இதை என்னால் தாங்க முடியாது.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். மேஸ்திரி திஜானி முதல் பார்வையிலேயே கவனித்தான். சீப்பு வைத்து உறுதி செய்தான். தெரிந்தே மாட்டினான், ஒழுகாதபடி மாட்டினான், தக்கையை எடுத்தான், சரியான வால்வு கைக்கு வந்த பிறகும் மாற்றவில்லை. அந்த நான்கும் எண்ணெய்க் காகிதத்தோடு என் பெஞ்சுக்குக் கீழேயே இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மரைச்சீப்பையும் கொண்டுவந்திருக்கிறேன், இதோ. கண்ணைக் கட்டிவிட்டு எந்தக் குழலையும் என் கையில் கொடுங்கள், விரலால் தடவியே சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பொட்டலத்தைப் பற்றி ஷெத்லியிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள் ஐயா. அவனுக்குத் தெரியக் கூடாது என்று அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.